அண்ணன் கண்ணும் அப்பா கண்ணும்

உ

ஆரணி,
30.7.2006, ஞாயிறு.

அன்பு மகள் சுகன்யாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான், அப்பா, உன் அண்ணன் மணவாளன் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் இனியனும் அப்படியே இருக்கப் படவேட்டு ரேணுகாம்பாள் பார்த்துக்கொள்ளட்டும். போன ஞாயிறு போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும் என்றுதான் வைத்தேன். அதனால் எழுதுகிறேன். இதை முதலில் நீ மட்டும் உட்கார்ந்து படி. பேரன் தூங்கும்போது படி.

அண்ணன் எத்தனையாவது மாதத்தில் என் முகத்தைப் பார்க்காமல் போனான் என்று கேட்டாய். அப்படி ஒரு மாதம் என்னிடம் இல்லை சுகன்யா. எட்டு மாதத்தில் அவன் கொழுகொழுவென்று இருந்தான், சிரித்தான், பால் குடித்தான், என் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்தான். முகத்தைப் பார்த்தானா என்று அப்போது யார் பார்த்தார்கள். இரண்டு வயதில் ஏழெட்டு வார்த்தை பேசினான், பிறகு அவை ஒவ்வொன்றாக நின்றன, அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நீ என்னவென்றால் இன்டர்நெட்டில் படித்துவிட்டு, குழந்தை முகத்துக்கு முன்னால் ஸ்பூனை ஆட்டி ஆட்டி, கண் எத்தனை தரம் வருகிறது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாயாம். தடுப்பூசியால் வரும் என்று எங்கோ படித்துவிட்டு, அடுத்த ஊசியைத் தள்ளிப்போடலாமா என்றும் கேட்டாய். அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் நானே இதைக் கேட்டேன். ஊசியால் இது வருவதில்லை, தள்ளிப்போட்டால்தான் ஆபத்து என்று தெளிவாகச் சொன்னார்கள். ஊசியைப் போட்டுவிடு. உன் பிரசவத்துக்கு நான் விமானம் ஏறி அங்கே வந்திருந்தால் இந்தப் பயம் இவ்வளவு தூரம் போயிருக்காது. அண்ணனை விட்டு வர முடியாமல் உன் மாமியாரை அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஜூன் மாதம் பெங்களூர் போய்வந்தோம் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று நான் சொல்லவில்லை. போன வருஷம் போளூரில் ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கு முகாம் நடந்ததே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். அதுவரை எல்லாச் சீட்டிலும் அண்ணனுக்கு மூளை வளர்ச்சி குறைவு என்றுதான் எழுதியிருக்கும். அந்த முகாமுக்கு டாக்டர்களோடு ரீனா என்று ஒரு பெண் வந்திருந்தாள். உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள், சொந்த ஊர் வேலூர், பெங்களூரில் ஒரு மூளை ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அண்ணன் வரிசையில் நிற்காமல் டேபிள் ஃபேன் பக்கத்தில் போய் நின்று, சுற்றுகிற இறக்கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் வந்து அவன் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, பக்கத்தில் நின்று அவளும் அதே மாதிரி ஓரக்கண்ணால் ஃபேனைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, 'அம்மா, இவருக்கு ஆட்டிசமா இருக்கும்னு தோணுது, பெரிய டாக்டர் ஒரு வாட்டி பாக்கட்டும்' என்றாள். அவரும் பார்த்து ஆமாம் என்றார். முப்பத்தொரு வயதில்தான் உன் அண்ணனுக்கு இருப்பது இன்னது என்று பேர் தெரிந்தது.

இந்த மே மாதம் அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களுடைய கண் எப்படி நகர்கிறது, நகரும்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று அங்கே ஆராய்ச்சி நடக்கிறதாம். பெற்றவர்களும் கூட வந்தால் அவர்களுக்கும் அதே பரிசோதனை செய்வார்களாம். மருந்து இல்லை, ஊசி இல்லை, இதனால் உங்கள் மகனுக்குக் குணமாகும் என்று எண்ணி வர வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் நடுவில் எழுந்து போகலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள். நான் வேண்டாம் என்றேன். அப்பா அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, 'கொணப்படுத்துறேன்னு சொன்ன எடத்துக்கெல்லாம் போய்ட்டோம், கொணமாவாதுன்னு சொல்ற எடத்துக்கு ஒரு வாட்டி போய்ப் பாக்கலாமே' என்றார்.

நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அண்ணன் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது நான் தீமிதி பார்க்கப் போனேன். அந்த நெருப்பைப் பார்த்துப் பயந்துவிட்டேன், பயம் குழந்தையின் கண்ணில் இறங்கிவிட்டது என்று உன் கெங்கம்மாள் அத்தை சொன்னாள். உன் அப்பாவைவிடப் பத்து வயது பெரியவள், அவரைத் தூக்கி வளர்த்தவள், அவள் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு பேச அப்பாவுக்கு வாய் வராது. கல்யாணம், கருமாதி எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தத் தீமிதி வந்துவிடும். அது படிக்காதவர்கள் பேச்சு என்று ஒதுக்கினால், அண்ணனுக்கு ஐந்து வயதில் மெட்ராசில் பார்த்த பெரிய டாக்டரும் வேறு விதமாக அதையேதான் சொன்னார். தாயிடம் பாசம் போதாத குழந்தைதான் இப்படி முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கிப்போகும், நீங்கள் பிள்ளையிடம் சரியாகப் பேசுவதில்லை போலிருக்கிறது என்றார். நான் ஆரணி பஸ் ஏறும்வரை தலை நிமிரவில்லை. வந்த மறுநாளிலிருந்து ஒரு வருஷம், தினமும் விளக்கு வைத்த பிறகு அண்ணனை மடியில் உட்காரவைத்து, தாடையை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பி, அம்மாவைப் பார், அம்மாவைப் பார் என்று சொல்லுவேன். அவன் உடம்பை முறுக்கி அழுவான், கண்ணை மட்டும் எங்கேயோ வைத்திருப்பான். நான் விட்டதில்லை. பாசம் என்று நினைத்துத்தான் செய்தேன். நீ அப்போது பாயில் தவழ்ந்துகொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது.

காட்பாடியில் ரயில் ஏறிப் பெங்களூர் போனோம். அண்ணனுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்ததால் பேஜார் ஒன்றும் செய்யவில்லை. அந்த அறை இருட்டாக இருந்தது. ஒரு நாற்காலி, எதிரில் கம்ப்யூட்டர் திரை, கண்ணைப் படம் பிடிக்கச் சின்ன காமிரா, தலை அசையாமல் இருக்கத் தாடையை வைக்க ஒரு கிண்ணம் மாதிரி. அண்ணன் நாற்காலியில் நன்றாகத்தான் உட்கார்ந்தான். அந்தக் கிண்ணத்தில் தாடை பட்டதும் கத்தினான் பார், அப்படி ஒரு கத்தல் கேட்டுப் பல வருஷம் ஆகிறது. எழுந்து மூலைக்குப் போய்த் தாடையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றான். ரீனாவுக்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வெளியே நடையில் வைத்து, மெட்ராஸ் டாக்டர் சொன்னதையும் நான் தாடையைப் பிடித்துத் திருப்பியதையும் அவளிடம் சொன்னேன். இருபத்தேழு வருஷத்தில் ஒருவரிடமும் சொல்லாததை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள், 'அந்தக் காலத்துல டாக்டருங்களே அப்படித்தாம்மா நெனைச்சிகினு இருந்தாங்க, அது தப்புன்னு இப்ப தெரிஞ்சிடுச்சி, நீங்க பண்ணதால அவருக்கு இது வரலை' என்று சொல்லிவிட்டு, தாடையில் எதுவும் தொடாத வேறொரு நாற்காலியை ஏற்பாடு செய்தாள். தலை கொஞ்சம் அசைந்தால் அசையட்டும், கணக்கில் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றாள். அதனால் உனக்குச் சொல்கிறேன், பேரன் தாடையைப் பிடித்துத் திருப்பாதே. அவன் எங்கே பார்க்கிறானோ அங்கே நீயும் பார். அந்த நோட்டையும் மூடி வை. நிஜமாகவே சந்தேகம் இருந்தால் அங்கே குழந்தை டாக்டரிடம் நேராகக் கேட்டுவிடு, நீயே ஸ்பூன் வைத்துப் பரீட்சை நடத்தாதே.

அண்ணன் புது நாற்காலிக்கும் பயந்தான். அதனால் அப்பா முதலில் உட்கார்ந்து காட்டினார். திரையில் ஒரு புள்ளி வரும், அது போகிற இடமெல்லாம் கண்ணும் போக வேண்டும், அது முதல் விளையாட்டு. அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவன், அப்பா எழுந்ததும் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டான். மத்தியானம்வரை புள்ளியைப் பார்த்தான். ரீனா எனக்கு விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். நம் கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவதில்லையாம், தத்தித் தத்தித்தான் போகுமாம். தாவு என்று சொல்வது மூளையில் ஓரிடம், தாவாதே இரு என்று பிடித்து நிறுத்துவது நெற்றிக்குப் பின்னால் இன்னோரிடம், தாவியது சரியான இடத்தில் விழுந்ததா என்று திருத்திக்கொண்டே இருப்பது பின்னந்தலையில் இருக்கும் சிறுமூளை. அதனால் தலையைத் திறக்காமலே, கண் தாவுவதை வைத்து உள்ளே எந்த இடம் எப்படி வேலை செய்கிறது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாமாம். அண்ணன் கண் புள்ளிக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழுந்து, பிறகு திருத்திக்கொண்டு போவதைக் கோடு கோடாகக் காட்டினாள்.

பிறகு மனிதர்களுடைய போட்டோக்களைக் காட்டினார்கள், யாரோ தெரியாதவர்கள். அண்ணன் பார்த்த இடத்தில் எல்லாம் திரையில் சிவப்புப் புள்ளி விழுந்திருந்தது. காது, சட்டைக் காலர், மூக்குக்கண்ணாடிக் கம்பி என்று ஊரெல்லாம் சுற்றியிருந்தான். ஆனால் ஒவ்வொரு முகத்திலும் கண்மேல் ஒன்றிரண்டு புள்ளி இருந்தது சுகன்யா. நான் அதைக் காட்டிக் கேட்டேன். கண்ணுக்குப் போகிறார், போனதும் சட்டென்று திரும்பிவிடுகிறார், அது அவருக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம், இன்னும் எங்களுக்கே முடிவாகத் தெரியாது என்றாள். எனக்கு அது போதும். இத்தனை வருஷம் அவன் என்னைப் பார்த்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மூளையைப் படம் எடுக்கிற பெரிய மிஷின். குழாய் மாதிரி இருக்கும், உள்ளே படுக்க வேண்டும், தட தட என்று காது கிழிகிற சத்தம். குக்கர் விசிலுக்கே வெளியே ஓடுகிறவன் இதில் எப்படிப் படுப்பான், வேண்டாம், எழுந்து வந்துவிடலாம் என்றேன். அவர்களும் கட்டாயப்படுத்தவில்லை, அந்தச் சத்தத்தை மட்டும் முதலில் டேப்பில் போட்டுக் காட்டினார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, 'தறி ஓடுது' என்றான். அவ்வளவுதான். நம் தெருவில் காலையிலிருந்து இரவுவரை விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவன், அந்தக் குழாய்க்குள் இருபது நிமிஷம் அசையாமல் படுத்திருந்தான். ரீனாவோடு இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் எங்கள் இருவருக்கும் பரிசோதனை. அதில் இரண்டாவது விளையாட்டுதான் கஷ்டம். புள்ளி இடது பக்கம் தோன்றினால் அதைப் பார்க்காமல் வலது பக்கம் பார்க்க வேண்டும், வலது பக்கம் வந்தால் இடது பக்கம். வெளிச்சம் வந்தால் கண் தானாக அங்கேதான் ஓடும், அதைப் பிடித்து நிறுத்தி எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். எனக்குப் பத்துக்கு ஒன்று தப்பாகியிருக்கும். அப்பா உட்கார்ந்தார். உன் அப்பா கண்ணைப் பற்றி உனக்குத் தெரியுமே, முப்பத்தைந்து வருஷமாகப் புடவைக் கரைக்கு ஜக்கார்டு அட்டை குத்துகிறவர், டிசைன் தாளில் ஆயிரம் கட்டத்தில் ஒரு கட்டம் மாறியிருந்தாலும் எட்ட இருந்தே சொல்லிவிடுவார். அவருக்குப் பாதிக்கு மேல் தப்பு. முதலில் சிரித்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்க்கிறேன் என்றார், மறுபடியும் அப்படியே. அப்புறம் சிரிக்கவில்லை. கடைசியில் ரீனாவிடம், 'அப்போ இது எங்கிட்டருந்து அவனுக்கு வந்துச்சாம்மா' என்று கேட்டார். அவள், 'ஒருத்தரோட கண்ண மட்டும் வெச்சி அப்படிச் சொல்லவே முடியாதுங்க சார், வயசாலயும் தப்பு வரும், ராத்திரி சரியா தூங்கலைன்னாலும் வரும். நூறு அப்பா அம்மாவப் பாத்தப்புறம் மொத்தமா எதனா தெரியுதான்னுதான் பாக்குறோம். இது கூடப் பொறந்து வர்றது, ஒரு ஆளோட தப்பு இல்லை' என்றாள். அப்பா, 'தீமிதிக்குப் போனா வருமா' என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு, 'வராதுங்க' என்றாள்.

திரும்பி வரும்போது ஜோலார்பேட்டை தாண்டியதும் அப்பா வெளியே பார்த்துக்கொண்டே, 'முப்பது வருஷமா எங்கக்கா உன்னப் பேசிகினு இருந்துச்சி, நானும் கேட்டுகினு உக்காந்திருந்தேன்' என்றார். நான் சந்தோஷப்பட்டிருப்பேன் என்று நினைப்பாய். எனக்குக் கோபம்தான் வந்தது. இதை அவருக்குச் சொல்ல ஒரு மிஷின் வேண்டியிருந்ததா, கூடவே இருந்த நான் போதவில்லையா என்று. வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவரோடு பேசவில்லை. சோறு போடுவேன், காபி வைப்பேன், பேச மாட்டேன். நாலாம் நாள் அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று, 'அம்மா பேசு' என்றான். என்னைக் கூப்பிட்டு அவன் ஒன்று கேட்டு எத்தனை வருஷம். பேசினேன்.

ஆடி முதல் வெள்ளிக்கு எப்போதும்போலப் படவேட்டுக்குப் பொங்கல் வைக்கப் போனோம். கெங்கம்மாள் அத்தையும் வந்திருந்தாள், எழுபது வயதிலும் அவள்தான் பொங்கல் பானையைக் கிண்டுவாள். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. 'சுகன்யாவ அந்தப் புள்ளைய ஜாக்கிரதையா பாத்துக்கச் சொல்லு. தாய் வவுத்து வழில வந்ததாச்சே' என்றாள். நான் எப்போதும்போல அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விறகு பிளந்துகொண்டிருந்த அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். சத்தம் போடவில்லை. 'அக்கா, பெங்களூர்ல அவ கண்ணையும் பாத்தாங்க, எங்கண்ணையும் பாத்தாங்க. அவ கண்ணு சொன்ன பேச்ச கேட்டுச்சி, எங்கண்ணு கேக்கலை. இது என் வழில வந்திருக்கலாம், யார் வழிலயும் வராமயும் இருக்கலாம். ஆனா தீமிதில வரலை. இனிமே அவளப் பேசாத. பேசியே ஆவணும்னா என்னப் பேசு' என்றார். தன் அக்காவுக்கு முன்னால் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அத்தை கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய் ஆற்று மணலில் உட்கார்ந்துகொண்டாள்.

பொங்கல் இறக்கியபிறகு ஒரு இலையில் போட்டுக்கொண்டு அவளிடம் போனேன். சாப்பிடவில்லை. என்னை உட்காரச் சொன்னாள். 'நம்ம வூட்லயே ஒருத்தரு இருந்தாரு கற்பகம்' என்று ஆரம்பித்தாள். உன் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம், தருமன் என்று பேர். இந்தப் பேரை நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து ஒரு நாளும் கேட்டதில்லை. யார் முகத்தையும் பார்க்க மாட்டாராம், சொன்னதையே திரும்பச் சொல்வாராம், கதவு திறந்திருந்தால் நடக்க ஆரம்பித்துவிடுவாராம். அதனால் தறிக்குழிக்குப் பின்னால் ஒரு தூணில் காலைக் கட்டி வைத்திருந்தார்கள். சோறு கொண்டுபோய் வைப்பது அத்தையின் வேலை, அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, அப்பா இரண்டு வயதுக் குழந்தை. தட்டை வைக்கும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடி வளையலையே பார்ப்பாராம், அதனால் அவள் இரண்டு கையிலும் நிறைய வளையல் போட்டுக்கொண்டு போவாளாம். 'கயிறு அறுத்து கால்ல புண்ணு, ஈ மொய்க்குது, பாக்க முடியல. ஐப்பசி மழை பேஞ்சிகினு இருந்துச்சி, இந்த மழைல எங்க போவப்போறாருன்னு நான்தான் அவுத்து வுட்டேன். போய்ட்டாரு. தேசூர் வரைக்கும் ஆளு போயித் தேடுனாங்க. கெடைக்கவே இல்லை' என்றாள். கயிறு தானாக அவிழ்ந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்களாம், அவள் வாய் திறக்கவில்லை. உன் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் வளர்ந்தபோது, தருமன் சித்தப்பாதான் திரும்பி வந்துவிட்டார், தான் செய்ததற்குத்தான் வந்திருக்கிறார் என்று நடுங்கினாளாம். 'உம்மேல பழியப் போட்டா என்மேல இல்லன்னு ஆவும்னுதான் தீமிதியச் சொன்னேன்' என்றாள். ஐம்பத்தெட்டு வருஷம் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் இருந்த வருத்தம் எல்லாம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு மனுஷனின் புண்ணுக்கு இரங்கிக் கயிற்றை அவிழ்த்தது தப்பில்லை அண்ணி, கட்டினதுதான் தப்பு என்றேன். அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டேன், சொல் என்றாள். அன்று இரவே அப்பாவிடம் சொன்னேன்.

அதற்கடுத்த செவ்வாய் ஆடி அமாவாசை. காணாமல் போனவர் என்பதால் தருமன் தாத்தாவுக்கு இதுவரை யாரும் எதுவும் செய்யவில்லை, போட்டோவும் இல்லை. இந்தத் தடவை அவர் பேருக்கும் ஒரு இலை போட்டுப் படைத்தோம். அவருக்கு வெல்லம் வைத்த கேழ்வரகு அடைதான் பிடிக்கும் என்று அத்தையே வந்து சுட்டாள். படைத்தபிறகு அண்ணன் மூன்று சாப்பிட்டான், அவன் தட்டில் வைக்கும்போது அத்தை தன் கையில் இருக்கிற இரண்டு வளையலையும் முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டு வைத்தாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

அன்று சாயங்காலம்தான் அப்பா உன் விஷயத்தை எடுத்தார். உன் நிச்சயதார்த்தத்தின்போது தேசூரில் சம்பந்தி வீட்டில், பையனுக்கு என்ன என்று கேட்டார்கள். இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது, அதனால் இப்படி, வேறு ஒன்றும் இல்லை என்று அப்பா சொன்னார். நானும் தலையாட்டினேன், நீயும் குனிந்துகொண்டாய். கல்யாணத்தன்று அண்ணனை வேலூரில் குமரேசன் மாமா வீட்டில் விட்டுவைத்தோம். தாலி கட்டும்போது நீ எதற்கு அழுதாய் என்று எனக்குத் தெரியும். நாலு வருஷமாக நீயும் மாப்பிள்ளையிடம் அந்தக் காய்ச்சலையே சொல்லிக்கொண்டிருக்கிறாய், அதனால்தான் இந்தப் பயத்தை அவரிடமும் சொல்ல முடியாமல், குழந்தையை வைத்துக்கொண்டு தனியாகத் தவிக்கிறாய். அப்பா சொன்னார், 'எங்க சித்தப்பாவ கயித்துல கட்டி மறைச்சாங்க, நான் எம்புள்ளைய காய்ச்சல்னு சொல்லி மறைச்சேன். அதுவும் கயிறுதான்' என்று. ஆடி முடியட்டும், ஆவணியில் நானும் அவரும் தேசூர் போய்ச் சம்பந்தியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறோம். அண்ணனையும் அழைத்துக்கொண்டு போகிறோம். ஆகஸ்ட் இருபதாம் தேதி ஞாயிறு என்று வைத்திருக்கிறோம், இந்தக் கடிதம் வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தத் தேதி. அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது, கேட்டுக்கொண்டு வருவோம். உன் மாமியார் நல்ல மனுஷி, உன் பிரசவத்தில் எனக்குப் பதிலாக நின்றவள், அவளிடம் பொய்யை வைத்துக்கொண்டு இருக்க எனக்கும் இனி முடியாது. பேரனுக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் இருக்கலாம். இருந்தால் உன் அண்ணனுக்கு ஐந்து வயதில் கிடைக்காத உதவி அங்கே அவனுக்குக் கிடைக்கும், ஆனால் அதற்கு வீட்டில் உங்கள் இரண்டு பேருக்கும் உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

ரீனா, கூடப் பிறந்தவர்களுடைய கண்ணையும் பார்க்க வேண்டும், ஊருக்கு வரும்போது உன்னால் வர முடியுமா என்று கேட்டாள். அவசரம் இல்லை, உனக்கு இஷ்டம் இருந்தால் வா, இல்லையென்றால் வேண்டாம், அவளே அப்படித்தான் சொன்னாள். அத்தை உன்னை ரொம்பக் கேட்டாள். அண்ணன் தினமும் பக்கத்துத் தறிக்கு நூலைக் கட்டையில் தார் சுற்றிக் கொடுக்கிறான், சாயங்காலம் நாலு மணிக்குப் பஸ் ஸ்டாண்டு போய்ப் போளூர் பஸ்ஸைப் பார்த்துவிட்டு வருகிறான். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் தலைமுடி கொட்டுகிறது என்றாயே, குழந்தை பெற்ற ஆறேழு மாதத்தில் எல்லோருக்கும் கொட்டும், தானாக நிற்கும், கண்ட எண்ணெயைத் தேய்க்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. பேரன் தூங்கும்போது நீயும் தூங்கு.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் வாழ நாங்கள் இருவரும் மனமார ஆசீர்வதிக்கிறோம். இருபதாம் தேதிக்கு முன்னால் மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு, அவர் அப்பா போன் செய்து தெரிந்துகொள்கிற மாதிரி வைக்காதே. எப்படி ஆரம்பிப்பது என்று தயங்குவாய் என்று தெரிந்து, இப்படி ஆரம்பிக்கச் சொல் என்று உன் அப்பாவே சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: 'எங்க அண்ணனுக்குக் காய்ச்சல் வரலைங்க, எங்கப்பா பொய் சொன்னாரு.'

உன்னையும் உன் அண்ணனையும் பெற்ற,
அம்மா கற்பகம்.